கை வரையாத ஓவியங்கள்

உலகின் முதல் புகைப்படத்தை எடுத்தவர் முதலில் ஆசைப்பட்டது அச்சடிப்பதற்கு. பிரான்ஸின் ஷாலோன் நகரைச் சேர்ந்த நிசெஃபோர் நியெப்ஸ், ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்திருந்த கல்லச்சு முறையைக் கண்டு மயங்கிப்போனவர். ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பிசுக்குள்ள பென்சிலால் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்து மையை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளும், பிசுக்குள்ள கோடு மையை வாங்கும். அதன் மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தயார். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. நியெப்ஸுக்கு இதில் ஒரே ஒரு இடைஞ்சல். அவருக்கு ஓவியம் வராது.

அப்படியானால் ஒளியையே வரைய வைக்க முடியாதா என்று அவர் யோசித்தார். ஏற்கெனவே அச்சான ஒரு படத்தின் தாளில் வார்னிஷ் பூசி, அதை ஒளி ஊடுருவும்படி ஆக்கினார். நிலக்கீல் பூசிய உலோகத் தகட்டின் மேல் அந்தத் தாளை வைத்து வெயிலில் காயவிட்டார். வெளிச்சம் பட்ட இடத்தில் நிலக்கீல் இறுகியது. கறுப்புக் கோடுகளின் மறைவில் இருந்த இடம் இறுகவில்லை. லாவெண்டர் எண்ணெயில் கழுவியபோது இறுகாத பகுதி கரைந்து, கோடு கோடாகத் தகடு தெரிந்தது. அந்தக் கோடுகளை அமிலத்தால் அரித்து, மை பூசி, தாளில் ஒற்றினார்கள். கார்டினல் தாம்புவாஸ் என்ற பழைய சமயத் தலைவரின் உருவப்படத்தை 1826இல் இப்படித்தான் நகலெடுத்தார் நியெப்ஸ். பாரிஸின் செதுக்குக் கலைஞர் லெமேத்ர் அந்தத் தகட்டிலிருந்து படிகளை எடுத்துக்கொடுத்தார்.

அதே காலத்தில், 1826இலோ 1827இலோ, இதே நிலக்கீல் பூச்சுள்ள வெள்ளீயக் கலவைத் தகடொன்றைக் கேமராப் பெட்டிக்குள் வைத்து, லெ கிரா என்ற தன் வீட்டின் மாடி ஜன்னலோரம் நிறுத்தினார். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தகடு வெளிச்சத்தில் இருந்தது. சில நாள்கள்கூட இருந்திருக்கலாம் என்கிறார்கள் பின்னாளில் ஆராய்ந்தவர்கள். கூரைகளும் ஒரு கோபுரமும் மங்கலாகத் தெரியும் அந்தத் தகடு இப்போது அமெரிக்காவில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரேன்சம் மையத்தில் இருக்கிறது. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டதால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் அடித்திருக்கிறது. எந்த மனிதக் கண்ணும் ஒரே பார்வையில் கண்டிராத காட்சி அது.

புகைப்படத்தை ஒரு துறையாகவும், அச்சோவியத்தை வேறொரு துறையாகவும், கணினி நிரல் எழுதிப் படம் உண்டாக்குவதை நேற்று முளைத்த சங்கதியாகவும் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. நியெப்ஸின் கதை அந்தத் தடுப்புச் சுவர்களைத் தொடக்கத்திலேயே இடித்துவிடுகிறது. இந்த மூன்றிலும் கலைஞரின் கை கடைசிப் படத்தைத் தொடுவதில்லை. தகட்டையோ நெகட்டிவையோ நிரலையோ அவர் தயாரிக்கிறார். ஒரு செயல்முறை ஓடி முடிந்த பிறகு படம் வந்து சேர்கிறது. அது எப்படி வரும் என்று அவருக்கு ஓரளவு தெரியும், முழுதாகத் தெரியாது. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவுப் படங்களை வைத்து நடக்கும் வாக்குவாதங்களில் பாதி, இந்த இருநூறு ஆண்டு வரலாற்றை அறியாமல் நடப்பவை.

*

இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டுக்கும் வரைய வராத குறைதான் தூண்டுதல். 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், வரைவதற்கு உதவும் கண்ணாடிக் கருவியை வைத்துக்கொண்டும் அவரால் காட்சியைத் தாளில் பிடிக்க முடியவில்லை. ஊர் திரும்பியதும் வெள்ளி உப்புப் பூசிய தாள்களில் பரிசோதனைகளைத் தொடங்கினார். 1835 ஆகஸ்டில் லேகாக் அபி என்ற தன் மாளிகையின் ஜன்னலைத் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தாளில் பதிந்தார். வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் தலைகீழாய் விழுந்த நெகட்டிவ் அது. பிரான்ஸில் தாகேர் 1839இல் உலகுக்கு அறிவித்த முறையில் ஒரு தகட்டுக்கு ஒரே படம், நகல் கிடையாது. டால்பட்டின் வழியில் ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதாவது புகைப்படத்துக்குள் அச்சுத் தகட்டைக் கொண்டுவந்தவர் அவர்தான். வெள்ளி உப்புப் படங்கள் வெளிறிப்போவதைக் கண்டு கவலைப்பட்ட டால்பட், புகைப்படத்தை உலோகத்தில் அரித்து மையால் அச்சிடும் வழிகளைத் தேடுவதிலேயே பிற்காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

தாள் நெகட்டிவ் தமிழ்நாட்டுக்கும் விரைவிலேயே வந்துவிட்டது. மெட்ராஸ் ராணுவத்தின் கேப்டன் லின்னேயஸ் டிரைப்பை 1856இல் மாகாண அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று பெரிய கேமராவும் மெழுகு தோய்த்த தாள்களுமாகச் சுற்றினார். அந்தப் படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். கல்வெட்டைப் படிக்க வேண்டியவர் கோயிலைச் சுற்றி நடந்து படிப்பதைப் போல அந்தச் சுருளைப் படித்துக்கொண்டே போகலாம்.

டிரைப்பின் நெகட்டிவ்களில் இன்னொரு வேலையும் இருக்கிறது. அக்காலத்து ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். ஆகவே வானம் எப்போதும் வெறும் வெளுப்பாகத்தான் விழும். டிரைப் நெகட்டிவின் மேல் வண்ணத்தைத் தீட்டி மேகங்களை உண்டாக்கினார், மரக்கிளைகளின் விளிம்பைத் திருத்தினார். அதற்காக அவருடைய தஞ்சை பொய்யாகிவிடவில்லை. ஆனால் புகைப்படம் என்றால் கை படாத உண்மை என்ற நம்பிக்கை 1850களிலேயே செல்லுபடியாகவில்லை என்பதற்கு அந்த மேகங்கள் சாட்சி. 1860 வாக்கில் செலவைக் காரணம் காட்டி அரசு அவருடைய பிரிவை மூடிவிட்டது. இன்னும் பத்து ஆண்டு அவரை வேலை செய்ய விட்டிருந்தால் தமிழகக் கோயில்களின் எத்தனை எத்தனை காட்சிகள் நமக்கு மிஞ்சியிருக்கும்!

*

நீலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேற்கண்ட மூன்று கலைகளில் இரண்டை ஒரே நிறம் இணைக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெர்லினில் சிவப்புச் சாயம் தயாரிக்கப் போன இடத்தில் தற்செயலாகக் கிடைத்தது பிரஷ்ய நீலம். இரும்பை அடிப்படையாகக் கொண்ட அடர்ந்த நீலம். விலை குறைவு, எளிதில் மங்காது. கடல்வழி வணிகத்தில் அது ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. 1831ஐ ஒட்டி, எழுபது வயதான ஹொகுசாய் ஃபூஜி மலைக் காட்சிகளின் வரிசையை வெளியிட்டபோது, ‘பேரலை’ படத்தின் கடலுக்கு அந்த நிறம்தான் ஆழம் தந்தது.

பேரலையை ஹொகுசாயின் ஓவியம் என்று சொல்கிறோம். அவர் கையால் வரைந்த பேரலை உலகில் எங்கும் இல்லை. ஜப்பானிய முறையில் ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்கிவிடுவார். மூல ஓவியம் அங்கேயே அழிந்துவிடும். பிறகு நிறத்துக்கு ஒரு பலகை என்று வெட்டி, அச்சிடுபவர் ஒவ்வொன்றாகத் தாளில் ஒற்றுவார். பணம் போட்டு எல்லோரையும் வேலை வாங்குபவர் பதிப்பாளர். பல ஆயிரம் படிகள் விற்றன. பலகை தேயத் தேயக் கோடுகள் தடித்து, பின்னால் வந்த படிகளில் வானத்து மேகம் ஏறக்குறைய மறைந்தே போனது. ஒரே பேரலைக்குள் நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகள் இருக்கின்றன. அருங்காட்சியகங்கள் ஒரு படியை வாங்கும்போது அதன் கோடு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது, வானத்தின் நிறம் நின்றிருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

இதே நீலம் 1842இல் புகைப்படத்துக்குள் நுழைந்தது. விண்ணியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல், இரண்டு இரும்பு உப்புகளைக் கலந்து தாளில் பூசி வெயிலில் வைத்தால், ஒளி பட்ட இடத்தில் பிரஷ்ய நீலம் பிறப்பதைக் கண்டுபிடித்தார். சயனோடைப் என்பது இந்த முறையின் பெயர். கேமராவும் வேண்டாம், இருட்டறையும் வேண்டாம். வெறும் தண்ணீரில் அலசினால் படம் நிலைத்துவிடும். கட்டட வரைபடங்களை ‘ப்ளூ பிரின்ட்’ என்று சொல்லும் வழக்கம் இதிலிருந்து வந்தது.

ஹெர்ஷலின் குடும்ப நண்பர் ஒருவரின் மகள் ஆன்னா அட்கின்ஸ். தாவரவியலில் ஈடுபாடு கொண்டவர். காய்ந்த கடற்பாசிகளை நேரடியாக அந்தத் தாளில் பரப்பி வெயிலில் வைத்தார். பாசி மறைத்த இடம் வெள்ளை, மீதி நீலம். ரோமம் போன்ற இழைகள்கூட அப்படியே விழுந்தன. தலைப்புகளையும் குறிப்புகளையும் தன் கையெழுத்திலேயே எழுதி அவற்றையும் சயனோடைப்பாக ஒற்றி, 1843இலிருந்து பத்து ஆண்டுகள் பகுதி பகுதியாக வெளியிட்டார். புகைப்படங்கள் கொண்ட உலகின் முதல் புத்தகம் இதுதான் என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. அறிவியல் நோக்கத்தோடு செய்யப்பட்ட அந்தப் பக்கங்களின் அழகுக்கு ஈடாக அந்த நூற்றாண்டின் புகைப்படங்களில் மிகச் சிலவற்றையே சொல்ல முடியும். ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் பூசி, காயவைத்து, வெயில் காட்டி, அலச வேண்டியிருந்ததால் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருக்காது. இது புகைப்படமா, அச்சோவியமா என்று கேட்டால் இரண்டும்தான்.

*

அச்சோவியம் என்றதும் ‘ஒரே படத்தின் நிறைய நகல்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். தகட்டில் வேலை செய்பவர்களுக்கு அது பாதிக் கதைதான். ரெம்பிராண்ட் 1653இல் ‘மூன்று சிலுவைகள்’ படத்தைச் செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறினார். கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பும். அது மையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெல்வெட் போன்ற மென்மை தரும். சில படிகளிலேயே பிசிறு நசுங்கிப்போகும். ரெம்பிராண்ட் படிகளை எடுத்துப் பார்த்தார், திருத்தினார், மறுபடி எடுத்தார். சில ஆண்டுகள் கழித்து அதே தகட்டைக் கையிலெடுத்து, பாதி உருவங்களைத் தேய்த்தும் மறைத்தும், கறுப்புக் கோடுகளை மழையாக இறக்கிவிட்டார். கலைவரலாற்றில் இதை நான்காம் நிலை என்பார்கள். முதல் நிலையில் கூட்டம் சூழ்ந்த ஒரு நிகழ்ச்சி தெரிகிறது. நான்காம் நிலையில் இருள் கவிந்து, சிலுவையில் இருப்பவரைச் சுற்றி மட்டும் ஒளி. ஒரே செம்பிலிருந்து வந்த இரண்டு வேறு படங்கள் இவை. ஓவியத்தில் பழைய நிலை புதிய வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிடும். அச்சோவியத்தில் ஒவ்வொரு கட்டமும் தாளில் பதிந்து பிழைத்திருக்கிறது. ஒரு கலைஞர் எப்படி மனம் மாறினார் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கலை வேறில்லை.

இந்தத் துறையில் உலகுக்கே ஒரு புதிய முறையைத் தந்தவர்களில் ஒருவர் ஆந்திரத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, 1940களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ணா ரெட்டி. பாரிஸில் ஹேட்டர் நடத்திய அட்டெலியே 17 பட்டறையில் சேர்ந்தபின் அவரும் சக கலைஞர்களும் பிடித்த வழி எளிமையானது, அபாரமானது. வண்ண அச்சுக்கு நிறத்துக்கொரு தகடு என்பதுதான் அதுவரை வழக்கம். இவர்கள் ஒரே தகட்டில் பல ஆழங்களை வெட்டினார்கள். மைகளில் எண்ணெயின் அளவைக் கூட்டியும் குறைத்தும் ஒன்று மற்றொன்றை ஏற்காதபடி செய்தார்கள். மெத்தென்ற உருளை பள்ளம் வரை இறங்கி ஒரு நிறத்தைப் பூசும். கடினமான உருளை மேட்டை மட்டும் தொட்டு வேறொரு நிறத்தைப் பூசும். தாளை ஒரே தடவை அழுத்தினால் எல்லா நிறமும் வந்துவிடும். எண்ணெய் விகிதம் ஒரு துளி மாறினாலும் நிறங்கள் கலக்கும் விதம் மாறும். பின்னாளில் நியூயார்க்கில் குடியேறிய ரெட்டி, 2018இல் இறக்கும்வரை சிற்பியாகவே தகட்டை அணுகியவர். அவருடைய அலைகளையும் பூக்களையும் பார்க்கும்போது, தகட்டைச் செதுக்கிய கை எங்கே முடிந்தது, மை தானாக முடிவெடுத்தது எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டிலும் இந்த மரபு ஆழமானது. தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பன் பறத்தலையும் நகர்வையும் கோடுகளாக்கிய அச்சோவியங்களால் அறியப்படுபவர். அவர் படித்த சென்னைக் கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெட்ராஸில் புகைப்படச் சங்கம் உருவாக முன்னின்றவரும் அதே ஹன்டர்தான். வெகுமக்கள் பக்கம் வந்தால், ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சுக் கூடம் தெய்வப் படங்களை வீட்டுப் பூஜையறைக்குக் கொண்டுவந்தது. அடுத்த தலைமுறையில் கோவில்பட்டியின் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாள்காட்டிகளில் நாடெங்கும் போனார்கள்.

*

1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் சிறிய கண்காட்சி ஒன்று திறந்தது. சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கணிதவியலர் கியார்க் நேஸ் எழுதிய நிரல்களின்படி, கான்ராட் சூசே தயாரித்த கிராஃபோமாட் என்ற வரைபொறி தாளில் போட்ட கோடுகள்தான் காட்சிப் பொருள். வந்திருந்த ஓவியர்கள் கொதித்துப்போனார்கள். தன் தூரிகைத் தீற்றலைக் கணினி வரைந்துவிடுமா என்று ஒருவர் நேஸிடம் கேட்டார். நீங்கள் அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று துல்லியமாகச் சொன்னால் வரையும் என்று நேஸ் பதில் சொன்னதாக, அதே ஆண்டு அவரோடு சேர்ந்து காட்சி வைத்த ஃப்ரீடர் நாகே நினைவுகூர்ந்திருக்கிறார்.

நேஸின் புகழ்பெற்ற படத்தின் பெயர் ‘ஷோட்டர்’, அதாவது ஜல்லி. வரிசைக்கு 12 சதுரங்கள், மொத்தம் 22 வரிசை. மேல் வரிசையில் எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன. கீழே வர வர ஒவ்வொரு சதுரமும் தற்செயல் எண் ஒன்றின்படி கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் நகர்கிறது. எவ்வளவு கீழோ அவ்வளவு தடுமாற்றம். அடியில் ஒரே சரிவு. நிரலாக எழுதினால் சில வரிகள்தான். இருந்தும் ஒழுங்கு குலைவதைப் பற்றி மனத்தில் நிற்கும்படி சொல்லும் படங்களில் அது ஒன்று. நேஸ் எந்தச் சதுரத்தையும் தன் கையால் சாய்க்கவில்லை. சாய்வதற்கான விதியையும், அது எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லையையும் அவர் வகுத்தார்.

இந்தத் துறையின் உண்மையான மேதை என்று சொல்லத் தகுந்தவர் வேரா மோல்னார். 1924இல் புடாபெஸ்டில் பிறந்து, 1947இல் பாரிஸுக்கு வந்தார். கணினி கைக்கு எட்டாத நாள்களிலேயே, தன்னிடம் ஓர் இயந்திரம் இருப்பதாகக் கற்பித்துக்கொண்டு, விதிகளை எழுதிவைத்து அவற்றின்படி கையாலேயே படங்களைப் போட்டார். அதற்குக் கற்பனை இயந்திரம் என்று பெயரும் வைத்தார். 1968இல் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக் கணினியில் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. திரை கிடையாது. துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு, வரைபொறியிலிருந்து தாள் வெளிவரும்வரை என்ன வரும் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும்.

அவர் விரும்பித் தேடியது ஒரு சதவீத ஒழுங்கீனம். சதுரங்களை அச்சுப் பிசகாமல் அடுக்கினால் சலிக்கும். கண்டபடி கலைத்தால் குப்பை. இரண்டுக்கும் நடுவில், ஒழுங்கு லேசாக நடுங்கத் தொடங்கும் புள்ளி எது என்பதைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான தாள்களைப் பார்த்துத் தள்ளினார். 1980களில் ‘அம்மாவின் கடிதங்கள்’ என்ற வரிசையைச் செய்தார். வாராவாரம் கடிதம் எழுதிய தாயின் கையெழுத்து, வரியின் இடப்பக்கம் நேராகத் தொடங்கி வலப்பக்கம் போகப் போகக் கலங்குவதை நிரலாக எழுதி, எழுத்தே இல்லாத கையெழுத்தை வரைபொறியால் போட வைத்தார். கணினிக் கலை என்றால் ஈரமற்றது என்று நினைப்பவர்கள் அந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில், நூறு வயதை எட்டுமுன் பாரிஸில் காலமானார் மோல்னார்.

கணினி வரைந்ததை மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. பெல் ஆய்வகப் பொறியாளர் மைக்கேல் நோல், ஓவியர் மோன்ட்ரியான் 1917இல் வரைந்த கோட்டோவியம் ஒன்றின் பாணியில் கணினியைக் கோடுகள் போட வைத்தார். இரண்டின் நகல்களையும் 100 பேரிடம் காட்டினார். எது கணினி போட்டது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர். கணினிப் படம்தான் பிடித்திருக்கிறது என்றவர்கள் 59 பேர். இது நடந்தது 1960களின் நடுவில்.

கணினி வரும்முன்பே விதியிலிருந்து படம் பிறப்பதைத் தமிழ்ப் பெண்கள் தினமும் வாசலில் செய்துகாட்டிக்கொண்டிருந்தார்கள். புள்ளிகளின் வரிசையைத் தீர்மானித்துவிட்டு, கோடு எங்கே வளையலாம், எங்கே வெட்டிக்கொள்ளலாம் என்ற சில விதிகளுக்குள் நின்று சிக்கலான பெரிய கோலத்தை எழுப்பிவிடலாம். இதைப் பாராட்டுரையாக மட்டும் சொல்லவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை உருவாக்கக்கூடிய வடிவ இலக்கணங்களை வகுத்து, 1974இல் கணினி வரைகலை ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். செடி வளர்வதை விளக்க லின்டன்மேயர் என்ற உயிரியலாளர் 1968இல் உருவாக்கிய விதிமுறைகளும் கோலத்துக்கு அப்படியே பொருந்தின. ஒரு துண்டுக் கோட்டை அதைவிட நீண்ட கோட்டால் பதிலீடு செய்துகொண்டே போனால் பாம்புக் கோலம் தானாக விரியும். உலகெங்கும் கணினி அறிவியல் நூல்களில் கோலம் எடுத்துக்காட்டாக நிற்பதற்குத் தாம்பரத்தில் நடந்த அந்த வேலை முக்கியக் காரணம்.

*

இப்போது நம் கைபேசிக்குள் வந்திருக்கும் ஏஐ படங்கள், நேஸும் மோல்னாரும் செய்ததன் அடுத்த படியா? ஒரு வகையில் ஆம். இன்னொரு வகையில் அடிப்படையே வேறு.

2022க்குப் பிறகு பரவிய கருவிகள் பெரும்பாலும் இப்படிப் பழகுகின்றன. கோடிக்கணக்கான படங்களின் மேல் புள்ளிப் புள்ளியாக இரைச்சலைத் தூவிக்கொண்டே போய், படம் முற்றிலும் மறையும்வரை அழிக்கிறார்கள். அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கக் கணினி வலைப்பின்னல் ஒன்று கற்றுக்கொள்கிறது. பிறகு வெறும் இரைச்சலைக் கொடுத்து, ‘மழையில் நனையும் பேருந்து நிலையம்’ என்று எழுதினால், அந்தச் சொற்களின் வழிகாட்டலில் இரைச்சலை நீக்கிக்கொண்டே போய், இதுவரை இல்லாத ஒரு பேருந்து நிலையத்தில் வந்து நிற்கிறது. இத்தகைய பயிற்சிக்காகத் தொகுக்கப்பட்ட லயான்-5பி என்ற பட்டியலில் மட்டும் ஏறத்தாழ 585 கோடி படங்களின் இணைப்புகளும் விவரங்களும் இருந்தன. இணையத்திலிருந்து திரட்டியவை. அவற்றை எடுத்தவர்களிடமும் வரைந்தவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

முக்கியமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நேஸின் விதி நேஸுடையது. ரெட்டியின் தகடு ரெட்டி வெட்டியது. ஏஐ கருவியில் ‘தகடு’ என்று சொல்லத்தக்கது மற்றவர்களின் கோடிக்கணக்கான படங்களிலிருந்து வார்க்கப்பட்டது. 2025 மார்ச் இறுதியில் குடும்பப் படங்களையெல்லாம் ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் பாணிக்கு மாற்றி நம்மவர்கள் சமூக ஊடகங்களில் போட்டபோது, அதன் இயக்குநர் மியாசாகியும் அவருடைய ஓவியர்களும் பல பத்தாண்டுகள் கையால் வரைந்து திரட்டிய பாணி ஒரு பொத்தானுக்குள் அடங்கிவிட்டதைக் கண்டோம். இயந்திரம் வரைந்தது என்பதற்காக அதைக் குறை சொல்லத் தேவையில்லை. யாருடைய உழைப்பில் அது வரையக் கற்றது என்ற கேள்வியைத் தள்ளிவிடவும் கூடாது.

வேறு வழி இருக்கிறது என்று காட்டியவர் பிரிட்டன் கலைஞர் ஆன்னா ரிட்லர். 2018இல் நெதர்லாந்தில் துலிப் பருவம் முழுக்கத் தங்கி, பத்தாயிரம் துலிப் பூக்களைத் தானே படமெடுத்தார். ஒவ்வொரு படத்திலும் பூவின் நிறம், வரி, விரிந்த அளவு ஆகியவற்றைக் கையால் குறித்தார். அந்தப் படங்களையே சுவர் நிறைய ஒரு படைப்பாகக் காட்சிக்கு வைத்தார். அவற்றை மட்டும் கற்ற நிரலைக் கொண்டு, பிட்காயின் விலைக்கு ஏற்ப வரிகள் மாறும் துலிப்களை மலரச் செய்தார். 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் துலிப் கிழங்கின் விலை வெறிபிடித்து ஏறி விழுந்த கதையை இன்றைய சூதாட்டத்தோடு சேர்த்துவைக்கும் படைப்பு அது. தகடு வெட்டுபவரின் நேர்மை அதில் தெரிகிறது.

போட்டிகளோ குழம்பிப்போயின. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளின் ஒரு பிரிவில் ஜெர்மானியர் போரிஸ் எல்டாக்சனின் ‘எலெக்ட்ரீஷியன்’ வென்றது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் போலிருந்த அது ஏஐ உருவாக்கியது என்று சொல்லி அவர் பரிசை மறுத்தார். ஏஐ படங்கள் வந்தால் போட்டிகள் தயாராக இருக்கின்றனவா என்று பார்க்கவே அனுப்பியதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் அதைத் தலைகீழாக்கினார். தலையைக் குனிந்து உடலுக்குள் புதைத்த பூநாரையின் அசல் புகைப்படத்தை வேறொரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்பிப் பரிசு வாங்கினார். உண்மை தெரிந்ததும் பரிசு பறிபோனது.

படத்துக்கு ஆசிரியர் யார் என்று நீதிமன்றம் கேட்பதும் புதிதில்லை. 1882இல் நியூயார்க் ஸ்டுடியோவில் நெப்போலியன் சரோனி எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைப் படமெடுத்தார். ஒரு கல்லச்சு நிறுவனம் அதைக் கேட்காமல் 85,000 படிகள் அடித்தது. வழக்கில், கேமரா தானாக எடுத்ததற்கு மனித ஆசிரியர் எங்கே என்று வாதாடியது. வைல்டை உட்காரவைத்த விதம், உடை, திரைச்சீலை, ஒளி ஆகியவற்றைத் தேர்ந்தவர் சரோனி, ஆகவே ஆசிரியரும் அவரே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1884இல் தீர்ப்பளித்தது. மனிதர் யாரும் இல்லாமல் இயந்திரமே ஆசிரியர் என்று பதிவு கேட்ட ஸ்டீபன் தேலரின் ஏஐ படத்துக்கு 2023இலும், மேல்முறையீட்டில் 2025இலும் அங்குள்ள நீதிமன்றங்கள் உரிமை மறுத்தன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமோ 1994 திருத்தத்திலேயே, கணினி உருவாக்கும் படைப்புக்கு ஆசிரியர் அதை உருவாகச் செய்தவர் என்று வகுத்துவிட்டது. நேஸ் போன்ற ஒருவருக்கு அந்த வரி அழகாகப் பொருந்தும். கருவியில் ஒரு வரி தட்டியவரா, கருவியைச் செய்த நிறுவனமா, தங்கள் படங்கள் அதற்குள் போன லட்சக்கணக்கான பேரா, யார் ‘உருவாகச் செய்தவர்’ என்பதற்கு அந்த வரியில் விடை இல்லை.

சட்டம் தெளியட்டும். கையால் செய்துபார்ப்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று கலைகளையும் ஒரே தாளில் சந்திக்க வைப்பது இன்று பள்ளி மாணவருக்கும் முடியக்கூடிய வேலை. கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய ‘பிராசஸிங்’ என்ற நிரல்மொழி இலவசம். சில வரிகளில் ‘ஜல்லி’ போன்ற ஒரு படத்தையோ புள்ளிக் கோலத்தையோ எழுதலாம். ஒளி ஊடுருவும் ஓஎச்பி தாளில் அதைக் கறுப்பாக அச்சிட்டுக்கொண்டால் நெகட்டிவ் தயார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரண்டு கரைசல்களையும் கையுறை அணிந்து கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தடித்த ஓவியத் தாளில் பூசிக் காயவிட வேண்டும். மேலே நெகட்டிவையும் ஒரு கண்ணாடியையும் வைத்து வெயிலில் காட்டினால், நம் ஊர் உச்சி வெயிலுக்குச் சில நிமிடம் முதல் கால் மணி நேரம் போதும். குழாய்த் தண்ணீரில் மஞ்சள் போகும்வரை அலசிக் கொடியில் தொங்கவிட வேண்டியதுதான். நிரலில் தற்செயல் எண்ணை மாற்றினால் வேறு படம் வரும், பூச்சின் கனத்தை மாற்றினால் வேறு நீலம் வரும். முதல் சில தாள்கள் வெளிறியோ கருத்தோ போகும். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் வெயிலில் வைத்த நேரத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால் அடுத்த தாளுக்கு உதவும்.